வெட்டிப்போட்ட துணி

என் மனைவியின் தம்பி இன்றுவரை யாரிடமும் "முடியாது" என்று சொன்னதில்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் என்னிடம் வந்து, ஆயிரம் இருந்தாலும் மச்சினன் இல்லையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

அவன் தையல்காரன். கடைத்தெருவின் கோடியில், கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கடையை ஒட்டி அவன் கடை. முன்னால் துணி வெட்டும் மேஜை, பக்கத்தில் மெஷின், பின் மூலையில் உடுப்பைப் போட்டுப் பார்க்க ஒரு பச்சைத் திரை. திரை முழங்கால் வரைக்கும்தான். உள்ளே நிற்பவரின் கால் வெளியே தெரியும். கடைப் பலகையில் ஏதோ ஒரு பெயர் எழுதியிருக்கிறது, வெயிலில் வெளுத்துப்போய் எழுத்துத் தெரிவதில்லை. தெரியாததால் யாருக்கும் நஷ்டமில்லை. எல்லோரும் அவனை 'நாளைக்கு' என்றுதான் சொல்வார்கள்.

"பேண்ட் துணிய யார்கிட்ட குடுத்த?"

"நாளைக்குகிட்ட."

"அப்ப உன் மகன் வளர்ந்து போட்டுக்குவான், விடு."

இந்தப் பேச்சு டீக்கடையில் வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்கும். அவன் காதிலேயே விழும். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வான். ரேக்கில் மூட்டை மூட்டையாகத் துணி கிடக்கும், அதற்கு மேலே இன்னொன்றை வாங்கி வைப்பான். "எப்ப கிடைக்கும்?" என்று கேட்டால் "நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்பான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பொய் சொல்கிறவன் முகமே இல்லை அது. அப்படி ஒரு கனிவு.

அவனிடம் ஒரு வேலை முறை உண்டு. துணியை வாங்கியதும் அளவெடுப்பான், மேஜையில் விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு போடுவான், கொடுத்தவர் கண் முன்னாலேயே கத்தரிக்கோலை ஓட்டிவிடுவான். "பாத்தீங்களா, வேலை ஆரம்பிச்சாச்சு." கொடுத்தவருக்கு மனசு குளிர்ந்துவிடும். அவர் படியிறங்கியதும் முன்பாகம், முதுகு, கை, காலர் எல்லாவற்றையும் சுருட்டி, அந்தத் துணியின் ஓரத்தையே கிழித்து நாடாவாகக் கட்டி, ரேக்கில் எறிவான். அப்புறம் அது அங்கேதான் கிடக்கும். ஒரு மாதம் நடந்து கால் தேய்ந்து, "என் துணியைக் குடுய்யா, நான் வேற எடத்துல தச்சுக்கறேன்" என்று அவர் கத்துகிறார் என்று வையுங்கள், எதைத் திருப்பி வாங்குவார்? இன்னொருவன் வெட்டிய துணியை எந்தத் தையல்காரனும் தொடமாட்டான். அவருடைய சட்டை இனிமேல் இவன் கையில்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்.

இதை அவன் சூதாகச் செய்கிறானா வெகுளியாகச் செய்கிறானா என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். என் மனைவிக்கு அதில் சந்தேகமே கிடையாது.

"வெட்டுறப்ப அவனுக்கு நெசமாவே தைக்கணும்னுதான் இருக்கு. அதுக்கப்புறம்தான் பயம் வந்துருது" என்பாள்.

"என்ன பயம்?"

"முடிக்க முடியாம போயிருமோன்னு."

"அப்ப முதல்லயே முடியாதுன்னு சொல்றதுக்கு என்ன கேடு?"

"எதிர்ல இருக்கறவங்க மூஞ்சி வாடிரும்ல. அவனால அதைப் பார்க்க முடியாதுங்க."

ஆட்கள் தேடி வரும்போது அவன் அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். கடிகாரக்காரர் கண்ணில் மாட்டிய கண்ணாடியைக்கூட எடுக்காமல், "இப்பதான் வெளிய போனார்" என்பார். வந்தவர்களுக்குத் திரைக்குக் கீழே இரண்டு கால் தெரியும். இருந்தாலும் ஒரு மனுஷனின் காலைப் பார்த்துவிட்டு 'நீ இங்கேதான் இருக்கிறாய்' என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. அவர்களுக்குத்தான் வெட்கமாக இருக்கும். திரும்பிப் போய்விடுவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் அவனிடமே போகிறார்கள் என்றால், தைத்துக் கொடுத்தால் அப்படி இருக்கும். கூன் விழுந்தவனுக்குத் தைத்தாலும் கூன் தெரியாது. அந்தக் கையில் சரக்கு இருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை.

என் கல்யாணக் கோட்டை அவன்தான் தைத்தான். தைத்தான் என்றால், ஒரு கையைத் தைத்தான். இன்னொரு கையை வெள்ளை நூலால் தோளில் ஓட்டி, மேலே போட்டுவிட்டு, "கையை மட்டும் தூக்காதீங்க அத்தான்" என்றான். கல்யாணப் போட்டோ அத்தனையிலும் நான் வலது கையை உடம்போடு ஒட்டி விறைத்து நிற்கிறேன். உற்றுப் பார்த்தால் தோளில் வெள்ளை நூல் தெரியும். எனக்கு அன்றைக்கே ரத்தம் கொதித்தது. நான் தொழிற்சாலை ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவன். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆனால் ஆட்களை விட்டுவிட்டுப் போகிற ஜாதி. மணப்பெண்ணோ அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அவளுக்குத் தம்பி என்றால் உயிர். தாய் தகப்பன் போன பிறகு அவளுக்கு அவனும் அவனுக்கு அவளும்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அவன் கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும் அவள்தான். வீட்டுக்கே தேடி வந்து கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்துவதும் அவள்தான். ஒரு முறை அவனுக்குப் பெண் பார்த்தோம். சரி என்றான். பெண் வீட்டார் நாள் குறித்து, உறவையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. நான் போய்ப் பார்த்தால் திரைக்குக் கீழே புதுச் செருப்பு தெரிகிறது. அந்தப் பெண்ணின் தகப்பன் காலில் விழாத குறையாகப் போய் மன்னிப்புக் கேட்டவள் என் மனைவி. வீட்டுக்கு வந்து என்னிடம், "பாவங்க, அவனுக்குப் பிடிக்கல போல" என்றாள். பாவம் அவனாம்!

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையையும் அவள் தம்பியை வைத்தே தீர்த்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

பிறகு அவளுக்குக் கால் வீங்கியது. நின்று நின்று வேலை செய்வதால் என்று நினைத்தோம். முகம் வீங்கியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தோம். மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்த அன்றைக்குத்தான் இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய்விட்டன என்று தெரிந்தது. வாரத்துக்கு மூன்று முறை மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும், இல்லையென்றால் வேறு கிட்னி வைக்க வேண்டும் என்றார்கள். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. பரிசோதித்துப் பார்த்துவிட்டு, உங்களுடையதே எத்தனை நாள் வருமோ என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஆனால் எனக்கும் முன்னால் கையைத் தூக்கியவன் அவன்தான். டாக்டர் பேசி முடிக்கக்கூட இல்லை. "என்னோடத எடுத்துக்குங்க சார். ரெண்டுமே வேணும்னாலும் எடுத்துக்குங்க" என்றான். அவள் கட்டிலில் படுத்தபடியே அழுதாள். நர்ஸுகூட அவனைத் திரும்பிப் பார்த்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கு ஓ குரூப், அவனுக்கு பி. சேராது என்றார்கள்.

அவன் வராந்தாவிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "அக்காவுக்கும் தம்பிக்கும் ரத்தம் சேராதாமே, என்ன கொடுமைடா இது" என்று அழுதான். கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன். நன்றாகச் சாப்பிட்டான். நான் அதைக் கவனித்தேன். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை, மனசு கெட்ட மனுஷன் என்பார்கள்.

தெருவில் அவனுடைய மதிப்பு எங்கேயோ போய்விட்டது. கிட்னியைக் கொடுக்க நின்ற தம்பி! ஒரு வருஷமாகச் சட்டைக்கு நடந்தவர்கள்கூடக் கோபிப்பதை நிறுத்திவிட்டார்கள். ரத்தம் சேராததால் அவன் எதையும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கிடைக்கும் பெயரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிக்கொண்டான்.

அவள் சில வருஷம் மெஷினில் ஓட்டினாள். மெஷின் ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக்குழாயை ஒட்டுப்போட்டு வீங்க வைத்திருந்தார்கள். விரலை வைத்தால் அங்கே குறுகுறுவென்று ஓடும். தண்ணீரைப் பாட்டில் மூடியில் அளந்து குடிப்பாள். கோடையில் ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, நான் செம்பில் தண்ணீர் குடிப்பதை வேடிக்கை பார்ப்பாள். நான் பின்கட்டுக்குப் போய்க் குடிக்கப் பழகினேன். மெஷினில் போட்டுவந்த அன்று பிழிந்துபோட்ட துணியாகக் கிடப்பாள். மறுநாள் எழுந்து காஜா எடுப்பாள். இடது கையை அசைக்காமல் எடுக்கப் பழகிவிட்டாள். கஷ்டம்தான், ஆனால் இருந்தாள். வீட்டில் அவள் குரல் இருந்தது.

அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஒரு புது டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, படபடவென்று பேசுவார். "குரூப் சேரலைன்னு சொல்லி விட்டுட்டாங்களா? இப்ப அதெல்லாம் தடையே இல்லை" என்றார். என் மனைவிக்குப் புரிகிற மாதிரி அவரே உட்கார்ந்து சொன்னார்.

"உங்க ரத்தத்துல பி குரூப்போட சண்டை போடுற எதிர்ப்புச் சத்து இருக்கு. தம்பி கிட்னிய அப்படியே வச்சா அது உடனே அடிச்சுக் கெடுத்துரும். அதனால மொதல்ல ஒரு ஊசி போட்டு, அந்தச் சத்தை உண்டாக்குற அணுக்களை அடக்கிருவோம். அப்புறம் ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தத்தை மெஷின்ல விட்டு, மிச்சம் இருக்கறதையும் பிரிச்சு வெளிய எடுத்துருவோம். அளவு எறங்கின கையோட கிட்னிய வச்சுரணும்."

"வச்சுட்டா சேந்துருமா டாக்டர்?"

"நெறைய பேருக்குச் சேந்துருக்கு. ஆனா ஒண்ணு. ஊசி போட்டதுக்கப்புறம் உங்க உடம்புல எதிர்ப்பு சக்தி ரொம்பக் கம்மியா இருக்கும். சின்னக் காய்ச்சல்கூட பெருசாயிரும். அதனால ஆரம்பிச்சுட்டு நடுவுல நிறுத்துற வேலை இல்லை இது. தம்பி உறுதியா இருக்காரான்னு கேட்டுட்டு வாங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. எனக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. அவனிடம் நீ கேட்காதே, நான் கேட்கிறேன் என்றேன். உன்னைப் பார்த்தால் அவன் முடியாது என்று சொல்லமாட்டான் என்றேன்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எதுக்கு அவன் முடியாதுங்கணும்? அப்பவே கையைத் தூக்கினவன் அவன். ஊர்ல எல்லாருக்கும் அவன் நாளைக்கு. எனக்கு அப்படிச் செய்ய மாட்டான்."

"உன் கல்யாணத்துக்கு என் கோட்டு?"

"அது கோட்டு. இது நான்."



அவளே கேட்டாள். எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கண் ஒரு தடவை ஜன்னல் பக்கம் போய் வந்தது. அவ்வளவுதான். உடனே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கா இவ்வளவு யோசிச்ச? எப்பன்னு சொல்லு, வந்து படுத்துக்கறேன்" என்றான். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதற்காகத்தான் அவன் வாழ்நாள் முழுக்கச் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பார்த்துவிட்டான், அவன் வேலை முடிந்தது.

அன்றைக்கே அவள் ஒரு மெல்லிய பருத்தித் துணியை எடுத்துக் கொடுத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு போட்டுக்கொள்ள, முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, கை தொளதொளவென்று ஒரு அங்கி. அவன் எங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே விரித்துக் கோடு போட்டு வெட்டினான். அவளுடைய அளவை அவன் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

பரிசோதனைகளுக்கெல்லாம் வந்தான், அதையும் சொல்ல வேண்டும். ஸ்கேனுக்கு வந்தான், ரத்தம் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் ஒரு கவுன்சலர் அம்மா அவனைத் தனியறையில் உட்காரவைத்து வெகுநேரம் பேசினார். வெளியே வரும்போது அந்த அம்மாவே சிரித்துக்கொண்டு வந்தார். "முழு மனசோட இருக்கார்" என்றார். டாக்டரம்மா ஊசி போடச் சொல்லிவிட்டார்.

ஊசி போட்ட பிறகு வீட்டுக்கு யாரையும் விடவில்லை. நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். பாத்திரத்தைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம் மெஷினுக்குள் போய்வர, மஞ்சளாக ஒரு நீர் தனியாகப் பையில் இறங்கியது. அதில்தான் அந்தச் சண்டைக்காரச் சத்து இருக்கிறதாம். ஒவ்வொரு தடவைக்கும் அளவு பாதி பாதியாக இறங்கியது. கடைசியில் டாக்டரம்மா கட்டை விரலைக் காட்டினார். "நாளைக்குத் தம்பி வந்து அட்மிட் ஆகட்டும். மறுநாள் காலையில ஆபரேஷன்."

நாளைக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் எங்கள் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

காலையில் போன் பண்ணினேன். "கெளம்பிட்டேன் அத்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "பஸ்ல ஏறிட்டேன்." பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எந்த பஸ்ஸில் தையல் மெஷின் ஓடுகிறது? அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை.

மத்தியானம் நானே போனேன். கடை பாதித் திறந்திருந்தது. கடிகாரக்காரர் என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில், "இப்பதான் வெளிய..." என்று ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே போனேன். பச்சைத் திரை. அதற்குக் கீழே இரண்டு கால்.

நான் கோபக்காரன். ஓவர்டேக் பண்ணினவனைத் துரத்திப்போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு என் கை அந்தத் திரைக்குப் போகவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அவர்கள் அவன் கிட்னியை எடுப்பார்களா? மனசோடு வந்து படுத்தால்தானே எடுப்பார்கள்? பஸ் ஓட்டுகிற என்னால் இதில் ஒரு ஹாரன் அடிக்க முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு திரையோடு பேசினேன்.

"ஏய்யா, உன் அக்கா அங்க எதிர்ப்பு சக்தியெல்லாம் போய் வெறும் உடம்பா கிடக்கா. வந்தா வா. இல்லைன்னா வரலைன்னு வாயைத் திறந்து சொல்லு. நான் உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். போய் டாக்டர்கிட்ட சொல்லி மேற்கொண்டு என்னன்னு பாக்கறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

கால்கள் அசையவில்லை. ஒரு பெருவிரல் மட்டும் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லுய்யா."

திரைக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. ரொம்பக் கனிவான குரல்.

"நீங்க போங்க அத்தான். பின்னாலயே வந்துர்றேன்."

நான் அதை நம்பிவிட்டேன். அவ்வளவு நாள் அவனோடு பழகியும் நம்பினேன். ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் அவளிடம், "வந்துட்டே இருக்கான்" என்று வேறு சொன்னேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நர்ஸ் வந்து கேட்டாள், போனாள். டாக்டரம்மா வந்து கேட்டார், நின்றார், உதட்டைக் கடித்துக்கொண்டு போனார். ஜன்னலில் வெயில் இறங்கியது. அவள் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"துணிய வெட்டிட்டான் பாருங்க" என்றாள்.

அந்த அங்கியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "அதை அப்புறம் தச்சுக்கலாம்" என்றேன். அவள் தன்னுடைய கையைத் தூக்கி, ஊசி குத்திய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இனி அவளைப் பழையபடி ஆக்க யாராலும் முடியாது. அத்தனை வருஷமும் ரேக்கில் கிடந்த எத்தனையோ பேருடைய துணிக்கு அவள் சமாதானம் சொல்லியிருக்கிறாள். இந்த ஒன்றுக்கு அவளுக்குச் சமாதானம் வரவில்லை.

ஆபரேஷன் தள்ளிப்போனது என்றார்கள், பிறகு நின்றது என்றார்கள். இறக்கி வைத்த அந்தச் சண்டைக்காரச் சத்தின் அளவு தானாக ஏறத் தொடங்கியது. ஊசி அடக்கி வைத்த மற்ற எதிர்ப்பெல்லாம் அப்படி ஏறவில்லை, அதற்கு மாதக்கணக்கு ஆகுமாம். ரொம்ப ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மெஷினுக்கு மட்டும் பழையபடி போய்வந்தாள். பேச்சு குறைந்துவிட்டது. தம்பியைத் திட்டவில்லை. நான் திட்டினால் தடுக்கவும் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. காஜா ஊசியைத் தொடவே இல்லை.

ஒரு நாள் இருமல் வந்தது. சாதாரண இருமல். ஷிப்ட் பஸ்ஸில் பாதிப் பேருக்கு இருக்கிற இருமல். மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் நெஞ்சு முழுக்கச் சளி. டாக்டரம்மாவே ஓடி ஓடிப் பார்த்தார். மருந்து மாற்றி மருந்து ஏற்றினார்கள். உடம்பு எந்த மருந்தோடும் சேர்ந்து நிற்கவில்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டாள்.

மெஷினிலேயே விட்டிருந்தால் இன்னும் எத்தனை வருஷம் ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, என்னைக் கேலி பண்ணிக்கொண்டு இருந்திருப்பாளோ. அவன் அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை 'முடியாதுக்கா' என்று சொல்லியிருந்தால் போதும். அவள் அழுதிருப்பாள். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பாள். அப்புறம், "பாவங்க, பயந்துட்டான்" என்று எனக்கே சமாதானம் சொல்லியிருப்பாள்.

சாவு வீட்டுக்கு அவன்தான் முதல் ஆளாக வந்தான். தாமதமே இல்லை. நாற்காலி போட்டான், ஆட்களுக்குச் சொல்லிவிட்டான், தூக்கும்போது முன்பக்கம் தோள் கொடுத்தான். வாய்விட்டு அழுதான். "என் கிட்னியைக் குடுக்க நான் ரெடியா இருந்தேனே, அக்காவுக்குக் குடுத்து வைக்கலையே" என்று அழுதான். வந்திருந்தவர்கள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். "ரத்தம் சேரலைன்னா நீ என்னப்பா பண்ணுவ" என்று விஷயம் தெரியாத ஒருவர் தேற்றினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு பிணத்துக்கு முன்னால் சண்டை போட வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளுக்குப் பிடிக்காது.

கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு சுருட்டு. மெல்லிய பருத்தித் துணி, அதன் ஓரத்தையே கிழித்துக் கட்டியிருந்தது.

"என்ன இது?"

"அக்காவோட அங்கித் துணி அத்தான். வெட்டினது. வேற யாருக்கும் ஆகாது." மேஜையில் வைத்தான். அதே மேஜை. "என்ன பண்றதுன்னு தெரியல. அதான் எடுத்துட்டு வந்தேன்."

அவன் வாழ்க்கையில் ஒரு துணியைத் திருப்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நான் அதைத் தொடவில்லை.

"அந்த கவுன்சலர் அம்மா உன்னைத் தனியா வச்சு என்ன கேட்டாங்க?"

நகத்தைக் கடித்தான். "இஷ்டம் இல்லைன்னா இப்பவே சொல்லிருங்கன்னாங்க. உங்க உடம்புல ஏதோ குறை இருக்கு, எடுக்க முடியாதுன்னு நாங்களே சொல்லிர்றோம், வீட்ல யாருக்கும் தெரியாதுன்னாங்க."

எனக்கு அது தெரியாது. அப்படி ஒரு வழியை அவனுக்காகத் திறந்து வைத்திருந்தார்கள் என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

"அப்புறம் ஏன்யா நீ சொல்லல?"

"எப்படி அத்தான்? எனக்கு டீ எல்லாம் வரவழைச்சுக் குடுத்து, அவ்வளவு அன்பாப் பேசினாங்க. அவங்ககிட்டப் போய் எப்படி முடியாதுங்கறது?"

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பொய் சொன்னால் ஒரு அறை விட்டிருப்பேன், கொஞ்சமாவது ஆறியிருக்கும். எழுந்து அவன் முன்னால் போய் நின்றேன். அவன் தோளைப் பிடித்தேன்.

"சரி. நடந்தது நடந்துருச்சு. இப்பச் சொல்லு. எனக்காகச் சொல்லு. என் மூஞ்சியப் பாத்து, என்னால முடியாதுன்னு ஒரே ஒரு தடவை சொல்லு. அவ கேக்க வேண்டியது, நானாவது கேட்டுக்கறேன்."

அவன் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. அழுதுவிடுவான் என்று நினைத்தேன். சொல்லியும் விடுவான் என்றுகூட நினைத்தேன். பிறகு அந்த முகத்தில் எனக்குத் தெரிந்த அந்தக் கனிவு மெல்ல மெல்ல வந்தது.

"சொல்றேன் அத்தான்" என்றான். "நாளைக்கு வந்து சொல்றேன்."